ஜெயிச்ச பாத்தி எது?

தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் வண்டி ஏறி ஜன்னலோரமாக உட்காருங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போகப் பச்சை ஏறிக்கொண்டே வரும். முதலில் நெல், அப்புறம் வாழை, தென்னை. கம்பத்தை நெருங்கினால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை! ஒரு பக்கம் கேரளத்து மலை, மறுபக்கம் மேகமலை, நடுவில் பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர். 'கம்பம் பன்னீர் திராட்சை'க்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது.

அப்படி ஒரு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை விழுந்தது. ராயப்பன்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். மூன்று ஏக்கர் திராட்சை. மடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்தே போயிருந்தது.

"படிச்சுப் பாருங்க தம்பி. இதை நம்பித்தான் போன போகத்துல கடன் வாங்கினேன்."

உரம் விற்கிற யாரோ அச்சடித்த நோட்டீஸ் அது. பன்னிரண்டு வரிசை உள்ள ஒரு அட்டவணை. இரண்டு விதக் கவாத்து, மூன்று அளவு பொட்டாஷ், ஒரு தெளிப்பு மருந்து உண்டு அல்லது இல்லை. இரண்டு, மூன்று, இரண்டு பெருக்கினால் பன்னிரண்டு. டி-1 முதல் டி-12 வரை பெயர். அதில் டி-7 மேல் மட்டும் கொட்டை எழுத்து. பக்கத்தில், 'புள்ளியியல்படி நிரூபிக்கப்பட்டது'!

"டி-7 செலவு, நான் வழக்கமாப் பண்றதைப் போல ரெண்டு பங்கு. பண்ணினேன். பழைய மகசூல்தான் வந்துச்சு. நோட்டீஸ்ல பொய் போட்டுட்டானா?"

நான் அட்டவணையை உற்றுப் பார்த்தேன். பொய் இல்லை. எண்கள் உண்மையாகவே இருக்கலாம். கூட்டல் கழித்தலும் சரியாகவே இருக்கலாம். இருந்தும் அண்ணன் ஏமாந்திருக்கிறார். அது எப்படி?

இந்த 'எப்படி'க்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு உருளைக்கிழங்கு வயல் வருகிறது, அச்சுக்குப் போகாத ஒரு தடிமனான கைப்பிரதி வருகிறது, கல்கத்தாக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். செத்துப்போன ஒரு மீனும் வருகிறது. வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

லண்டனுக்கு வடக்கே ரோதாம்ஸ்டெட் என்று ஒரு ஊர். அங்கே லாஸ் என்கிற உர வியாபாரியும் கில்பர்ட் என்கிற ரசாயன நிபுணரும் சேர்ந்து 1843-ல் ஒரு கோதுமை வயலில் உரச் சோதனை ஆரம்பித்தார்கள். அது இன்று வரை நடக்கிறது! இந்த மாதிரியைப் பார்த்து நம் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியிலும் 1909-ல் ஒரு நிரந்தர உரச் சோதனையைத் தொடங்கினார்கள். அதுவும் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

ஆனால் ரோதாம்ஸ்டெட்டில் ஒரு சிக்கல். வருஷா வருஷம் எண்கள் குவிந்தன. அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 1919-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற 29 வயது இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். சின்ன வயசிலிருந்தே கண் பார்வை மோசம். அதனால் படம் போடாமல் மனசுக்குள்ளேயே ஜியோமிதி போட்டுப் பழகிய மூளை அது.

ஃபிஷர் கேட்ட முதல் கேள்வி நம்ம ஊர் விவசாயி கேட்கிற கேள்விதான். தலைமடைப் பாத்தி ஒரு மாதிரி விளையும், கடைமடைப் பாத்தி வேறு மாதிரி விளையும். உரத்தைத் தலைமடையில் போட்டுவிட்டு, போடாததைக் கடைமடையில் வைத்துக்கொண்டு, 'ஆஹா, உரம் ஜெயித்தது' என்றால் நம்புவீர்களா? உரம் ஜெயித்ததா, தண்ணீர் ஜெயித்ததா?

ஃபிஷர் அதற்கு மூன்று வைத்தியம் சொன்னார். ஒன்று, வயலைத் தலைமடை, நடுமடை, கடைமடை என்று பங்கு பிரி. ஒவ்வொரு பங்கிலும் எல்லா உரத்தையும் வை. இரண்டு, ஒரே ஒரு பாத்தியை நம்பாதே; ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்பச் செய். மூன்றாவதுதான் அந்தக் காலத்துப் பெரியவர்களை மிரள வைத்தது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணு! விஞ்ஞானத்தில் சூதாட்டமா என்று முகம் சுளித்தார்கள். நமக்கு இது புதுசா என்ன? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உத்திரமேரூரில் குடவோலை குலுக்கிச் சபைக்கு ஆள் எடுத்தவர்கள் நாம். சீட்டுக்குப் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் கிடையாது. ஃபிஷர் சொன்னதும் அதேதான்.

சோதனை முடிந்ததும் கணக்கு. அதற்கு அவர் வைத்த பெயர் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. கல்லூரிப் பையன்கள் 'அனோவா' என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாசக் கடைசியில் வீட்டுச் செலவைப் பிரிக்கிற மாதிரிதான். விளைச்சலில் பாத்திக்குப் பாத்தி ஏற்ற இறக்கம் இருக்கிறது அல்லவா? அந்த மொத்த ஏற்ற இறக்கத்தில் மடை வித்தியாசத்தால் எவ்வளவு, உரத்தால் எவ்வளவு, ஒரு காரணமும் சொல்ல முடியாத மிச்சம் எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோம். உரத்தின் பங்கு, காரணமில்லாத மிச்சத்தைவிட ரொம்பப் பெரிசாக இருந்தால், உரத்துக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டின் விகிதத்துக்கு ஸ்னெடெக்கர் என்கிற அமெரிக்கர் பிற்பாடு 'எஃப்' என்று பெயர் வைத்தார். ஃபிஷரின் முதல் எழுத்து!

எவ்வளவு பெரிசாக இருந்தால் 'ரொம்பப் பெரிசு'? உரத்தில் ஒன்றுமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு பெரிய எண் வருவது இருபதில் ஒரு தடவைதான் என்றால் ஒத்துக்கொள்ளலாம் என்றார் ஃபிஷர். 1926-ல் எழுதின கட்டுரையில் சொன்னது. அந்த இருபதில் ஒன்றுதான் இன்று மாத்திரை முதல் மாட்டுத் தீவனம் வரை ஆட்டிப் படைக்கிற 5 சதவிகிதம்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1923-ல், ஃபிஷரும் அவருடைய உதவியாளர் வினிஃப்ரெட் மெக்கென்ஸியும் ஒரு உருளைக்கிழங்கு வயலின் கணக்கை வெளியிட்டார்கள். பன்னிரண்டு ரகக் கிழங்கு. தொழு உரம் போட்டது, போடாதது. அதற்குள்ளேயே பொட்டாஷ் வகைகள். அதாவது ஒரே வயலில் பல காரணிகள்! அதுவரை உலகம் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தது. ஃபிஷர் எல்லாக் கேள்வியையும் ஒன்றாகக் கேட்கலாம் என்றார்.

ஏன் ஒன்றாகக் கேட்க வேண்டும்? உங்கள் வீட்டு அடுப்படிக்கே போவோம். ரசத்துக்கு எவ்வளவு உப்பு சரி? 'புளி எவ்வளவு கரைச்சே, அதைச் சொல்லு முதல்ல' என்பாள் அம்மா. புளி ஏறினால் உப்பு ஏற வேண்டும். உப்பை மட்டும் தனியே சோதித்தால் விடை கிடைக்காது. கவாத்தும் பொட்டாஷும் அப்படித்தான். ஒரு விதமாகக் கவாத்துப் பண்ணின கொடிக்குப் பொட்டாஷ் அமுதம். வேறு விதமாகக் கவாத்துப் பண்ணின கொடிக்கு அதே பொட்டாஷ் தண்டம் என்று இருக்கலாம். இந்தக் கூட்டு விளைவு தெரிய வேண்டுமானால் எல்லாக் கூட்டணியையும் ஒரே வயலில் நிறுத்திப் பார்த்தாக வேண்டும். ஃபிஷருக்குப் பிறகு ரோதாம்ஸ்டெட் பொறுப்பேற்ற ஃபிராங்க் யேட்ஸ் இந்தப் பல காரணிச் சோதனைகளுக்கு 1937-ல் ஒரு தனி நூலே எழுதினார்.

இங்கேதான் நம் கதையின் வில்லன் நுழைகிறான்.

எஃப் சோதனை என்ன சொல்லும்? 'இந்தப் பன்னிரண்டும் ஒரே மாதிரி இல்லை' என்று சொல்லும். அவ்வளவுதான். எது வேறு மாதிரி என்று சொல்லாது. வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். பின்னால் விசில் சத்தம். வகுப்பில் யாரோ ஒருத்தன் விசில் அடித்தான் என்பது நிச்சயம். யார்? திரும்பிப் பார்த்தால் எல்லாப் பயல்களும் பரம சாது!

இனி விசாரணை. பன்னிரண்டு கூட்டணியையும் இரண்டிரண்டாக நிறுத்தி ஒப்பிட வேண்டும். எத்தனை ஜோடி தெரியுமா? 66. ஒவ்வொரு ஜோடிக்கும் 'இருபதில் ஒரு தடவை தப்பு நடக்கலாம்' என்று சலுகை கொடுத்திருக்கிறோம். 66 தடவை அந்தச் சலுகையைப் பயன்படுத்தினால்? பன்னிரண்டும் உள்ளபடி ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாக மூன்று ஜோடிக்கு மேல் 'வித்தியாசம் உண்டு' என்று பொய்ச் சாட்சி சொல்லும். எந்த நிரபராதி மாட்டுவான் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இன்னும் மோசம், நாம் எந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. அறுவடை முடிந்து, எடை போட்டு, எண்களைப் பார்த்த பிறகு, மேலே நிற்பதையும் கீழே கிடப்பதையும் எடுத்து ஒப்பிடுகிறோம். பந்தயம் முடிந்த பிறகு ஜெயித்த குதிரை மேல் பணம் கட்டுகிற மாதிரி இது! பார்ப்பதற்கு முன்பே 'டி-7-ஐயும் டி-5-ஐயும்தான் ஒப்பிடப் போகிறேன்' என்று எழுதி வைத்திருந்தால் அது வேறு. பார்த்த பிறகு கேட்கிற கேள்விக்கு விலை அதிகம். அந்த விலையைக் கணக்குப் போடுவதற்குப் பெயர்தான் பின்சோதனை.

ஃபிஷருக்கு இது தெரியாமல் இல்லை. 1935-ல் அவர் எழுதின சோதனை வடிவமைப்புப் புத்தகத்திலேயே, எண்களைப் பார்த்த பிறகு ஜோடி பொறுக்கினால் அளவுகோலை இறுக்க வேண்டும் என்று எச்சரித்தார். வாசலில் எஃப் சோதனை என்கிற காவல்காரன் சம்மதித்தால்தான் உள்ளே போய் ஜோடிகளை ஒப்பிடலாம் என்பது அவருடைய ஏற்பாடு. உள்ளே போன பிறகு கையில் ஒரு முழக்கோல். இரண்டு சராசரிகளுக்கு நடுவே இந்தக் கோலைவிட அதிக இடைவெளி இருந்தால் வித்தியாசம் உண்மை.

அந்தக் கோல் நம்ம ஊரிலும் பிரபலம். விவசாயக் கல்லூரியில் படித்த யாரையாவது கேளுங்கள். 'சி.டி. என்ன வந்தது?' என்பதுதான் அவர்கள் பாஷை. எல்லைமட்ட வித்தியாசம் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். பான்ஸேயும் சுகாத்மேயும் விவசாய ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதி 1954-ல் வெளியான புத்தகம் இந்தியா முழுவதும் பாடமானது. தேனி மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வரை ஆய்வேடுகளின் அட்டவணை அடியில் அந்த சி.டி. ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்.

ஆனால் காவல்காரனை ஏமாற்ற ஒரு வழி உண்டு. பன்னிரண்டில் ஒன்றைப் படுமோசமாக வைத்துவிட்டால் போதும். பொட்டாஷ் இல்லை, தெளிப்பு இல்லை, கவாத்தும் சரியில்லை என்று ஒரு நோஞ்சான் பாத்தி. அது ஒன்றே மற்ற பதினொன்றோடு பெரிய வித்தியாசம் காட்டி எஃப்-ஐ எகிற வைத்துவிடும். காவல்காரன் கதவைத் திறந்துவிடுவான். அதன் பிறகு மற்ற பதினொன்றும் தங்களுக்குள் எவ்வளவு போலி ராஜாக்களை உற்பத்தி பண்ணினாலும் கேட்க நாதி இல்லை!

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்காவில் ஜான் டூக்கி வந்தார். கம்ப்யூட்டரில் 'பிட்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பெயர் வைத்தவர் இவர்தான். டூக்கியின் கேள்வி ரொம்ப எளிமை. பன்னிரண்டும் ஒன்றுதான் என்றால், தற்செயலாகவே உச்சத்துக்கும் அடிக்கும் எவ்வளவு இடைவெளி விழும்? அந்த இடைவெளியைத் தாண்டினால்தான் பேச்சு. 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 1953-ல் பல ஒப்பீடுகளின் பிரச்னை பற்றி ஏறத்தாழ நானூறு பக்கத்துக்கு ஒரு கைப்பிரதி. அச்சுக்கே போகவில்லை! கைக்குக் கை மாறி, நகல் எடுத்து நகல் எடுத்தே உலகம் சுற்றியது. 1994-ல்தான் அவருடைய தொகுப்பு நூலில் அச்சேறியது.

1953 ஒரு விசேஷமான வருஷம். அதே வருஷம் ஹென்றி ஷெஃபே, ஜோடிகள் மட்டுமல்ல, மனசில் தோன்றுகிற எந்தக் கூட்டு ஒப்பீட்டுக்கும் பொருந்துகிற ஒரு முறையை வெளியிட்டார். அதே வருஷம் எஸ்.என்.ராய், ஆர்.சி.போஸ் என்ற இரண்டு பேர் பல மதிப்பீடுகளை ஒரே சமயத்தில் பிடித்து நிறுத்துகிற இன்னொரு வழியைச் சொன்னார்கள். மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் ஆரம்பித்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்தவர்கள் இருவரும். அப்போது அமெரிக்காவில் வட கரோலினாவில் வாத்தியார்கள். மகலனோபிஸுக்கு ஃபிஷர் நெருங்கிய சிநேகிதர். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷரே வந்து தலைமை தாங்கினார். ஆக, இந்தச் சரித்திரத்தில் நமக்கும் ஒரு பாகம் இருக்கிறது என்று கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு கோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பன்னிரண்டு கூட்டணியை மூன்று மடைப் பங்கில் வைத்தால் 36 பாத்தி. ஒரு பேச்சுக்கு, ஃபிஷரின் கோல் கொடிக்கு 2 கிலோ என்று வருகிறது. அதே எண்களை வைத்து டூக்கியின் கோலைப் போட்டால் சுமார் 3.5 கிலோ! டி-7, டி-5-ஐவிடக் கொடிக்கு 2.5 கிலோ கூடுதல் என்றால் ஃபிஷர் கோலுக்கு அது ராஜா. டூக்கி கோலுக்கு அது கூட்டத்தில் ஒருத்தன்.

எந்தக் கோல் நல்லது? அவசரப்படாதீர்கள். டூக்கியின் கோல் நிரபராதியை மாட்ட விடாது, சரி. ஆனால் உண்மையான குற்றவாளியையும் தப்பவிட்டுவிடலாம். நிஜமாகவே 2.5 கிலோ கூடுதல் தருகிற ஒரு முறையை 'வித்தியாசமில்லை' என்று குப்பையில் போட்டால் அதுவும் விவசாயிக்கு நஷ்டம்தானே? கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், அவ்வளவுதான்.

நடுவழி தேடி 1955-ல் டேவிட் டங்கன் ஒரு முறை சொன்னார். வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சின்னக் கோல், தூரத்தில் நிற்பவர்களுக்குப் பெரிய கோல். ஒரே எழுத்து வாங்கினவர்கள் ஒரே குழு. ஏ, ஏபி, பி என்று அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டி எழுத்துப் போடுவார்களே, அது. பார்க்க அழகு, புரியச் சுலபம், வித்தியாசமும் தாராளமாகக் கிடைக்கும். விவசாய விஞ்ஞானிகள் அள்ளிக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கையேடு வழியாக ஆசியா முழுக்கப் பரவியது. 'நேச்சர்' பத்திரிகை 2014-ல், உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு விஞ்ஞானக் கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது டங்கனும் அதில் இருந்தார்!

ஆனால் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. பன்னிரண்டும் ஒன்றுதான் என்கிற நிலையில், குறைந்தது ஒரு பொய் ராஜாவாவது முளைக்கிற வாய்ப்பு என்ன? டூக்கிக்கு 5 சதவிகிதம். டங்கனுக்கு 43 வரை போகலாம். காவல்காரனே இல்லாமல் வெறும் சி.டி.யை வைத்து மேய்ந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில்!

இது பாத்தியோடு நிற்கிற சமாசாரம் இல்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள்?' என்று விசாரித்தார்கள். 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மீன் மூளையில் சில புள்ளிகள் 'வேலை செய்தன'! காரணம், ஸ்கேன் படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை. சில தற்செயலாக மின்னத்தானே செய்யும்? பல ஒப்பீட்டுத் திருத்தத்தைப் போட்டதும் மீன் மறுபடி செத்துப்போனது. 2012-ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற இக் நோபல் பரிசு இதற்குக் கிடைத்தது.

பல காரணிச் சோதனையில் இன்னும் இரண்டு படுகுழி உண்டு.

முதல் குழி, கூட்டு விளைவைப் பார்க்காமல் சராசரிக்குத் தாவுவது. புளி, உப்பு ஞாபகம் இருக்கிறதா? கவாத்துக்குத் தக்கபடி பொட்டாஷின் பலன் மாறுகிறது என்று அனோவா சொல்லிவிட்டால், 'மொத்தத்தில் எந்தப் பொட்டாஷ் நல்லது?' என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடும். ஒவ்வொரு கவாத்துக்குள்ளும் தனித்தனியாகத்தான் பொட்டாஷை ஒப்பிட வேண்டும். கூட்டு விளைவு இல்லையென்றால் அதிர்ஷ்டம். பன்னிரண்டு பேரை விசாரிக்க வேண்டாம். கவாத்தின் இரண்டு சராசரி, பொட்டாஷின் மூன்று சராசரி, தெளிப்பின் இரண்டு சராசரி. 66 ஜோடி ஐந்தாகச் சுருங்கிவிடும்! ஃபிஷர், மெக்கென்ஸி பார்த்த உருளைக்கிழங்கு வயலில் நடந்தது அதுதான். ரகத்துக்கு ரகம் உரத்தின் பலன் மாறுவதாக அங்கே அத்தாட்சி கிடைக்கவில்லை.

இரண்டாவது குழி, அளவுகளை ஜாதி மாதிரி நடத்துவது. பொட்டாஷ் 100, 200, 300 கிராம் என்பவை மூன்று தனித்தனி ஆசாமிகள் இல்லை. ஒரே ஏணியின் மூன்று படி. அங்கே கேட்க வேண்டியது '200 ஜெயித்ததா, 300 ஜெயித்ததா' என்பது இல்லை. ஏற ஏற மகசூல் எப்படி வளைகிறது, எந்த இடத்துக்கு மேல் போடுவது காசுக்குக் கேடு என்பதுதான். அதற்குக் கோடு வரைய வேண்டும், எழுத்துப் போடக் கூடாது. டங்கனின் எழுத்துகளை இங்கே ஒட்டி வைக்கிற பழக்கத்தை 1970-களிலிருந்தே விவசாயப் புள்ளியியல்காரர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரோதாம்ஸ்டெட்டில் யேட்ஸுக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஜான் நெல்டர் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பல ஒப்பீட்டு முறைகளுக்கே எண்களை விளக்குவதில் இடமில்லை என்று 1971-ல் போட்டு உடைத்தார். கேள்வியை முதலிலேயே ஒழுங்காகக் கேட்டால் இந்த விசாரணையே வேண்டாமே என்பது அவர் கட்சி.

யோசித்துப் பாருங்கள், அதில் நியாயம் இருக்கிறது. அண்ணனுக்கு என்ன தெரிய வேண்டும்? 'நான் வழக்கமாகச் செய்வதைவிட மேலானது இதில் எது?' அவ்வளவுதான். அப்படியானால் 66 ஜோடி எதற்கு? வழக்கமான முறையோடு மற்ற பதினொன்றை ஒப்பிட்டால் போதும். இதற்கென்றே சார்லஸ் டன்னெட் என்கிற கனடாக்காரர் 1955-ல் தனிக் கோல் செய்து கொடுத்திருக்கிறார். கேள்வி குறைந்தால் கோலும் குட்டையாகும். உண்மை தப்பிப் போகிற ஆபத்தும் குறையும்.

சரி, பந்தலுக்குத் திரும்புவோம்.

நோட்டீஸை மறுபடி பார்த்தேன். சி.டி. என்று ஒரு எண் இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் டி-7 முதலிடம். ஆனால் அண்ணன் வழக்கமாகச் செய்கிற டி-5-க்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி, கோலைவிடக் கொஞ்சூண்டுதான் அதிகம். டூக்கி கோலைப் போட்டால் காணாமல் போய்விடும். கடைசியில் டி-12, ஒன்றுமே செய்யாத நோஞ்சான் பாத்தி, பரிதாபமாக நின்றது. கதவைத் திறந்துவிட்டவன் அவன்தான். கூட்டு விளைவு பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை போகம், எத்தனை ஊர் என்பதும் இல்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பன்னிரண்டில் முதலாக வந்ததற்குத் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த போகத்தில் திறமை திரும்ப வரும், அதிர்ஷ்டம் வராது. அதனால் நோட்டீஸ் ராஜா உங்கள் தோட்டத்துக்கு வரும்போது பெரும்பாலும் கொஞ்சம் இளைத்துத்தான் வருவார். பல ஊர், பல பருவம் தாண்டியும் நிற்பதுதான் அசல் சரக்கு. பெரியகுளத்திலிருந்து 1989-ல் வந்த பி.கே.எம்-1 முருங்கை இன்று ஆப்பிரிக்கா வரை காய்க்கிறதே, அதை எந்த ஒரு பாத்தியின் அதிர்ஷ்டமும் தூக்கிச் சுமக்கவில்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் உப்பு, புளி, விசில் கணக்கில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப, அடுத்த தடவை எவனாச்சும் நோட்டீஸ் கொண்டாந்தா நான் என்ன கேக்கணும்?" என்றார்.

நாலே கேள்வி சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மொத்தம் எத்தனை பேரை ஒப்பிட்டுப் பார்த்து இந்த ராஜாவைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இவரை ஒப்பிடப் போவதாக அறுவடைக்கு முன்பே சொன்னீர்களா, பின்பா? என் கவாத்துக்கும் என் மண்ணுக்கும் இந்தப் பலன் நிற்குமா? அடுத்த போகத்திலும் வேறு ஊரிலும் இவரே ஜெயித்தாரா?

அண்ணன் விரல் விட்டு ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பிறகு நோட்டீஸைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. திரும்ப நாலாக மடித்து மடியிலேயே செருகிக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. மூணு ஏக்கர்ல ஆறு வரிசை கொடியை ஒதுக்கறேன். தலைமடையில டி-7 ஒண்ணு, டி-5 ஒண்ணு. நடுவுல ஒரு ஜோடி, கடைமடையில ஒரு ஜோடி. எதுக்கு எதுன்னு என் பேத்தியைச் சீட்டெடுக்கச் சொல்றேன். ஜெயிச்சா ஜெயிக்கட்டும்."

ஃபிஷர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை கொடுத்திருப்பார்!